ஊட்டி வாசனை யாருக்குத் தெரியும்? பண்பாடும் பண்பாட்டுச் சாய்வும்: ஓர் எளிய விளக்கம்

மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறி, குஞ்சப்பனை தாண்டியதும் கீழ்நாட்டுக்காரர்கள் ஜன்னலைத் தள்ளிவிட்டு மூச்சை இழுப்பார்கள். "ஊட்டி வாசனை வந்துருச்சு பாரு" என்று பக்கத்தில் தூங்குபவரை எழுப்புவார்கள். அது கற்பூர மரத்தின் வாசனை. மற்ற ஊர்களில் யூகலிப்டஸ், தைல மரம் என்று சொல்வதை நீலகிரியில் கற்பூர மரம் என்போம். நான் கோத்தகிரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். எனக்கு அந்த வாசனை வராது. பிறந்த நாள் முதல் அதிலேயே இருப்பதால் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டது. சென்னையில் சில மாதம் தங்கிவிட்டு வந்தால் மட்டும் ஏதோ ஒரு வளைவில் சட்டென்று வரும். இரண்டு கிலோமீட்டருக்குள் மறைந்துவிடும்.

பண்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த வாசனை போதும். நம் ஊரில் "கல்ச்சர்" என்ற சொல் படாத பாடு படுகிறது. "கல்ச்சர் கெட்டுப்போச்சு" என்பார் ஒருவர். "அவங்களுக்கெல்லாம் என்ன கல்ச்சர் இருக்கு" என்பார் இன்னொருவர். பள்ளி ஆண்டு விழாவில் அது ஆட்டமும் உடுப்பும். சமூகவியலில் அந்தச் சொல்லின் பொருள் இவை எதுவும் இல்லை. மலையில் வாழும் பல சமூகங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் குழப்பம் வெறும் சொல் குழப்பமாக நிற்பதில்லை. அதனால்தான் அடியில் இருந்து எழுதுகிறேன்.

## பண்பாடு இல்லாதவர் யாரும் இல்லை

குழப்பத்தின் ஒரு வேர் தமிழிலேயே இருக்கிறது. பண்பு என்றால் நமக்கு நல்ல குணம். "பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்" என்று கலித்தொகை சொல்வதும் நல்ல நடத்தையைத்தான். கல்ச்சருக்கு இணையாகப் பண்பாடு என்ற சொல் 20-ஆம் நூற்றாண்டில் வழக்குக்கு வந்தபோது, அந்த நல்ல குணமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் "பண்பாடு இல்லாதவன்" என்று ஒருவரைத் திட்ட முடிகிறது.

சமூகவியலில் அப்படித் திட்ட வழியில்லை. 1871-இல் எட்வர்ட் டைலர் என்ற மானுடவியலாளர் தந்த விளக்கத்தில் இருந்துதான் இன்றும் பாடம் தொடங்குகிறது. அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என ஒரு சமூகத்தில் வாழ்வதால் மனிதர் கற்றுக்கொள்ளும் எல்லாம் சேர்ந்த தொகுதிதான் பண்பாடு. இதில் "கற்றுக்கொள்ளும்" என்பதுதான் உயிரான சொல். பசி எல்லா உடம்புக்கும் உண்டு, அது பண்பாடு அல்ல. பசிக்கும்போது களியைத் தேடுகிறோமா சோற்றைத் தேடுகிறோமா, எதைப் பார்த்தால் நமக்குக் குமட்டுகிறது என்பது பண்பாடு. நீலகிரிப் பழங்குடிகளில் ஒன்றான கோத்தர்களின் கிராமத்தில் ஆண்கள் இரும்படிப்பதும் பெண்கள் பானை வனைவதும் எவ்வளவு பண்பாடோ, கோவையில் இருந்து வரும் குடும்பம் மே மாத மலர்க் கண்காட்சியில் கூட்டத்தில் நசுங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்வதும் அவ்வளவு பண்பாடு.

## அது எப்படி உள்ளே இறங்குகிறது

நீலகிரியில் எருமை வளர்த்து வாழும் பழங்குடியான தோடர்களிடம் மரபான ஒரு வணக்கம் உண்டு. இளையவர் குனிவார். மூத்தவர் தன் பாதத்தை உயர்த்தி, குனிந்தவரின் நெற்றியைத் தொடுவார். இதை முதல்முறை கேள்விப்படும் கீழ்நாட்டுக்காரர் அதிர்ந்துபோவார். "தலையில காலை வைக்கிறதா?"

அதே ஆள் தன் வீட்டுக் கல்யாணத்தில் பெரியவர் காலில் விழுந்து எழுவார். அங்கேயும் தலை காலை நோக்கித்தான் போகிறது. யார் அசைகிறார், எவ்வளவு அசைகிறார் என்பதில்தான் வித்தியாசம். மலையில் விவசாயம் செய்யும் சமூகமான படகர் வீடுகளிலும் இளையவர் தலை குனிய, பெரியவர் தலையில் கை வைத்து ஆசி சொல்வார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ளலாம். "மூத்தவரை மதிக்க வேண்டும்" என்பது விழுமியம், அதாவது ஒரு சமூகம் எதை நல்லது, எதை உயர்ந்தது என்று கருதுகிறதோ அது. அந்த மதிப்பை எப்படிக் காட்டுவது என்ற எழுதாத விதி நெறிமுறை. மேலே சொன்ன மூன்று வணக்கங்களிலும் விழுமியம் ஒன்றே, நெறிமுறைதான் வேறு வேறு. வெளியாள் கண்ணுக்கு நெறிமுறை மட்டும்தான் படும். அதற்குள் இருக்கும் விழுமியம் படாது. பாதி சண்டை இங்கே பிறக்கிறது.

இவற்றை நமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தருவதில்லை. பாட்டி முறைக்கிறாள், அம்மா கையைத் தட்டிவிடுகிறாள், கூட விளையாடுகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இப்படிப் பிறந்த நாள் முதல் சமூகத்தின் வழிகளை உள்வாங்கிக்கொள்வதற்குச் சமூகமயமாதல் என்று பெயர். அது முடிந்தபின், கற்றுக்கொண்டோம் என்பதே மறந்துபோகிறது. நம் வழி ஒரு வழியாக இல்லாமல், இயல்பாகவே தோன்றத் தொடங்குகிறது. கற்பூர மர வாசனை மூக்கில் இருந்து மறைவதைப் போலத்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பண்பாடு என்பது கற்றது. எல்லோருக்கும் உண்டு. நம்முடையது நமக்குத் தெரியாது, அடுத்தவருடையதுதான் கண்ணில் குத்தும்.

## நம் முழம், அடுத்தவர் துணி

சரி, தெரியாமல் இருந்தால் என்ன கெடுதல்? நமக்கே தெரியாத அந்த வழியை வைத்துத்தான் மற்றவர்களை அளக்கிறோம் என்பதுதான் கெடுதல். தன் சமூகத்தின் வழிகளை அளவுகோலாக வைத்து மற்ற சமூகங்களுக்கு மார்க் போடுவதைத் தன்னின மையவாதம் என்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் 1906-இல் இந்தக் கருத்தைப் பரவலாக்கினார். தோடர்களைப் பற்றி டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் எழுதிய பெரிய ஆய்வு நூல் வெளிவந்ததும் அதே 1906-இல்தான்.

பண்பாட்டை அவ்வளவு அகலமாக விளக்கிய டைலரும் இதில் இருந்து தப்பவில்லை. காட்டுநிலை, அநாகரிகம், நாகரிகம் என்று சமூகங்களைப் படிக்கட்டாக அடுக்கினார். மேல்படியில் இருந்தது அவருடைய ஐரோப்பா.

நீலகிரிக்கு வந்த வெள்ளையர்களின் எழுத்துகளில் இந்த முழம் நன்றாகத் தெரியும். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலை ஏறியபின் வந்தவர்களுக்குத் தோடர்களைப் பிடித்துப்போனது. உயரம், கூர்மூக்கு, தாடி, உடம்பைச் சுற்றிய போர்வை. ரோமானியர் சாயல் தெரிகிறது என்றார்கள். இஸ்ரேலின் காணாமல் போன குலமாக இருக்குமோ என்றுகூட ஊகித்தார்கள். அதே ஆட்கள் கோத்தர்களை அழுக்கானவர்கள் என்று எழுதினார்கள். மலையில் கொல்லர், தச்சர், குயவர், இசைக்கலைஞர் எல்லாமே கோத்தர்கள்தான். அவர்கள் அடித்த அரிவாள் இல்லாமல் யாருக்கும் விவசாயம் இல்லை, அவர்கள் வாசிப்பு இல்லாமல் சாவு இல்லை.

கவனியுங்கள், தோடர்களுக்குக் கிடைத்த பாராட்டும் இதே சாய்வில் இருந்து வந்ததுதான். தோடர் யார் என்று பார்த்து வந்த மதிப்பு இல்லை அது. ஐரோப்பியரின் பழைய படம் ஒன்றோடு ஒத்துப்போனதால் வந்த மதிப்பு. இன்று "இயற்கையோடு இயைந்து வாழும் கள்ளங்கபடம் இல்லாத மக்கள்" என்று பழங்குடிகளைப் பற்றி நாம் உருகி எழுதுவதும் இதே ரகம் என்றே நான் நினைக்கிறேன்.

இது வெள்ளையர் வியாதி மட்டும் இல்லை. காட்டில் வாழ்ந்த பழங்குடியான குறும்பர்களை மந்திரவாதிகள் என்று மலையில் மற்ற எல்லோரும் அஞ்சினார்கள். நோயோ கால்நடைச் சாவோ வந்தால் சந்தேகம் அவர்கள் மேல் விழும். அந்தச் சந்தேகத்தால் குறும்பர்கள் கொல்லப்பட்ட சம்பவங்கள் 19-ஆம் நூற்றாண்டில் பதிவாகியிருக்கின்றன.

## "அம்மா பால் கறக்கிறாள்"

தனிமனிதர் மனதில் இருக்கும்வரை அது ஒரு கருத்து. பாடநூலிலும் தேர்விலும் அரசாங்கப் பதிவேட்டிலும் ஏறிவிட்டால் அது வேறு. ஒரு பண்பாட்டின் வழிகளைப் பொதுவானவையாக எடுத்துக்கொண்டு கட்டிய விதி, தேர்வு, பட்டியல் ஆகியவை மற்றவர்களுக்குப் பாதகமாக முடிவதைத்தான் இந்தக் கட்டுரையில் பண்பாட்டுச் சாய்வு என்கிறேன். இதற்குக் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. நல்ல மனதோடு வேலை செய்பவரிடமும் இது நடக்கும்.

என்னிடமே நடந்தது. பல வருடங்களுக்கு முன் மாலை நேரத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தேன். ஒரு பயிற்சித்தாள். படத்தில் மாடு, பால் பாத்திரம். "பால் கறப்பது யார்?" என்று கேள்வி. விடை, அம்மா. ஒரு தோடர் சிறுமி "அப்பா" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையில் தப்பு போட்டேன். அடுத்த நாள் அவள் தாத்தா வந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "எங்க மந்துல பொம்பளைங்க எருமையக் கறக்க மாட்டாங்க டீச்சர். புள்ள சரியாத்தான் எழுதியிருக்கு."

மந்து என்றால் தோடர் குடியிருப்பு. தோடர் மரபில் எருமை புனிதமானது. பால் கறப்பது, கடைவது, பால் சடங்குகள் நடக்கும் கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லாம் ஆண்களின் பொறுப்பு. அந்தக் குழந்தை தன் வீட்டில் பார்த்ததைச் சரியாக எழுதியது. கேள்வி சோதித்தது பால் பற்றிய அறிவை இல்லை, கீழ்நாட்டு வீட்டைப் பற்றிய அறிவை. மற்ற பிள்ளைகளுக்கு அந்த மார்க் வீட்டில் இருந்தே இலவசமாக வந்தது. இப்படி வீட்டிலேயே கிடைத்து, பள்ளியிலும் வேலையிலும் மதிப்பெண்ணாக மாறுகிற பேச்சு, பழக்கம், அறிவு ஆகியவற்றைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ பண்பாட்டு மூலதனம் என்றார். நேர்காணலில் ஆங்கிலம் சரளமாக வருகிற பிள்ளையைக் கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வது இதற்கு நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம்.

பெரிய அளவிலும் இது நடந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் 17 லட்சம் பேருக்கு மேல் அறிவுத்திறன் தேர்வு வைத்தது. கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. கிரிஸ்கோ அமெரிக்கக் கடைகளில் விற்ற ஒரு சமையல் கொழுப்பு. இத்தாலியில் இருந்தும் போலந்தில் இருந்தும் புதிதாக வந்திறங்கியவருக்கு அது எப்படித் தெரியும்? அவர்கள் குறைந்த மார்க் வாங்கினார்கள். குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் அந்த மார்க்கைப் பிறவி அறிவுக் குறைவுக்குச் சான்றாகக் காட்டினார்கள். 1924-இல் அப்படி ஒரு சட்டமும் வந்தது.

ஆக, சாய்வு வேலை செய்யும் வழி இது: ஒரு கூட்டத்தின் பழக்கம் பொது அளவாகிறது. அந்த அளவில் மற்றவர் குறைவாகத் தெரிகிறார். அந்தக் குறை அவருடைய குறையாகப் பதிவாகிறது. அளவுகோலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

## "தரிசு" என்று எழுதிய நிலம்

இனி கற்பூர மரத்துக்குத் திரும்புவோம். அது ஆஸ்திரேலிய மரம். இங்கே எப்படி வந்தது?

நீலகிரியின் மேல்மட்டத்தில், சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், இயற்கையான காட்சி இரண்டு பகுதி கொண்டது. பள்ளங்களில், ஓடைகளை ஒட்டிச் சோலை, அதாவது குட்டையான அடர்ந்த காடு. மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. அங்கே மரம் இல்லாததற்கு உறைபனியும் ஒரு காரணம், திறந்த சரிவில் சோலை மரக் கன்றுகள் அதில் கருகிவிடும். அந்தப் புல்வெளியும் அதன் சதுப்புகளும் மழையைப் பிடித்து மெல்ல விடுவதால்தான் கோடையிலும் ஓடைகள் ஓடின. வரையாடு அதில்தான் மேயும். தோடர்களின் எருமையும் அதில்தான் மேயும். தோடர் கோயில் கூரைக்கு வேண்டிய புல் அங்குள்ள சதுப்புகளில்தான் வளரும்.

மலைக்கு வந்த வெள்ளையர்களின் அளவுகோல் வேறு. வருவாய்த்துறைக் கணக்கில் நிலம் என்றால் உழுது வரி கட்டுவது. உழாத நிலம் வேஸ்ட், தரிசு. காட்டிலாகாக் கணக்கில் காடு என்றால் மரம், மரம் இல்லாத இடம் அழிந்த காடு. வேடிக்கை பார்க்கும்போது அதே புல்மேடுகள் அவர்களுக்கு இங்கிலாந்தை நினைவூட்டின. சென்னை கவர்னர் ஒருவரின் பெயரால் வென்லாக் டவுன்ஸ் என்று பெயர் வைத்துக் குதிரையில் நரி வேட்டையாடினார்கள். ரசிக்கத் தெரிந்தது. ஆனால் அது ஒருவருடைய மேய்ச்சல் நிலம், ஒருவருடைய தெய்வங்கள் வாழும் இடம் என்பது பதிவேட்டில் ஏறவில்லை. தோடர்கள் உழவில்லை, வேலி போடவில்லை. பழைய புல்லை எரித்து இளம்புல் வரவைப்பார்கள். காட்டிலாகாவின் கண்ணுக்கு அது பராமரிப்பாகப் படவில்லை, நாசமாகப் பட்டது.

ஊட்டிக்கும் வெலிங்டன் ராணுவக் குடியிருப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கற்பூர மரமும் சீகை மரமும் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தன. நடுவதற்கு எங்கே இடம்? "சும்மா கிடக்கும்" புல்வெளி. சுதந்திரத்துக்குப் பின்பும் அளவுகோல் மாறவில்லை, தோல் பதனிடச் சீகைப் பட்டை, ஆலைக்கு மரக்கூழ் என்று தேவை மட்டும் மாறி நடவு இன்னும் பெருகியது. பைக்காரா, அவலாஞ்சி, மேல் பவானி அணைகளின் நீர்த்தேக்கங்களும் புல்வெளிகளை மூழ்கடித்தன. மேய்ச்சல் சுருங்கச் சுருங்க எருமைகள் குறைந்தன. சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள ஒரு சமூகத்துக்கு எருமை குறைவது என்பது வருமானம் குறைவது மட்டும் இல்லை. பிறப்பு முதல் சாவு வரை அவர்கள் சடங்குகளில் எருமையும் பாலும் உண்டு.

அப்புறம் அறிவியல் என்ன சொன்னது? சாண்டிநல்லா சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் கரிமண்ணை ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததற்குச் சான்று கண்டார்கள். அது அழிந்த காடு இல்லை. யாரும் எரித்து உண்டாக்கியதும் இல்லை. ஆக, "ஊட்டி வாசனை" என்று நாம் இழுத்து மூச்சு விடுவது, "தரிசு" என்ற ஒரு சொல்லின் விளைவு. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நான் பிறந்த மலையின் வாசனை என்று நம்பிய ஒன்று அது.

## புரிந்துகொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு

இதற்கு மாற்றாகச் சமூகவியலும் மானுடவியலும் வைக்கும் வழி பண்பாட்டுச் சார்பியல். ஒரு வழக்கத்தை முதலில் அது பிறந்த சமூகத்தின் உள்ளே வைத்து, அங்கே அதன் பொருள் என்ன என்று கேட்பது. மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸும் அவருடைய மாணவர்களும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை வலுவாக முன்வைத்தார்கள்.

ஓர் உதாரணம். தோடர்களிடம் முன்பு சகோதரர்கள் ஒரே மனைவியோடு வாழும் முறை இருந்தது. "அப்ப குழந்தைக்கு அப்பா யாரு?" என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தோடர்களிடம் அதற்குத் தெளிவான பதில் இருந்தது. கர்ப்பத்தின் ஏழாவது மாதத்தில் வில்லும் அம்பும் செய்து பெண்ணிடம் கொடுக்கும் சடங்கு உண்டு. அதைக் கொடுப்பவர்தான் அப்பா. தகப்பன் என்பது அங்கே ஊரறிய ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. நம் சட்டத்தில் தத்தெடுத்தவர் தகப்பனாவதும் இந்த வழியில்தான்.

இதைச் சொன்னதும் "அப்படின்னா எதையும் தப்புன்னே சொல்லக்கூடாதா?" என்று கேட்பார்கள். சொல்லலாம். சார்பியல் என்பது பார்க்கும் முறை, தரும் சான்றிதழ் அல்ல. குறும்பர்கள் மேல் ஏன் அவ்வளவு பயம் வந்தது என்று ஆராயலாம்: மருத்துவம் எட்டாத காலம், திடீர்ச் சாவுகள், தேனும் மூலிகையும் கொண்டு வரும், காட்டில் தனியாக வாழும் அயலார். இதெல்லாம் புரிந்தாலும் கொலை கொலைதான். புரியாமல் கண்டித்தால் பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை வேறு ஆள் மேல் விழும்.

## பண்பாடு கல்வெட்டு அல்ல

ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பார்கள் என்பதும், அவர்கள் மாறவே கூடாது என்பதும் சேர்ந்து வரும் இரண்டு தவறுகள். 1930-களில் கோத்தர்களிடையே ஆய்வு செய்த மானுடவியலாளர் டேவிட் மண்டெல்பாம் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவரும் கோத்தர்தான். நீண்ட முடியை வெட்டிக்கொண்டார், சில பழைய வழக்கங்களை விட வேண்டும் என்று வாதாடினார். ஊரில் கடும் எதிர்ப்பு. அயலாரின் இழிபார்வையில் இருந்து மீள அவர் நினைத்தார், முன்னோர் வழியைக் காக்க மற்றவர்கள் நினைத்தார்கள். இரண்டு பக்கமும் கோத்தர் பண்பாட்டின் உள்ளேதான் இருந்தது.

ஜீன்ஸ் போட்ட தோடர் இளைஞரைப் பார்த்து "கலாச்சாரத்தை விட்டுட்டாங்க" என்று வருத்தப்படும் சுற்றுலாப் பயணியும் ஜீன்ஸ்தான் போட்டிருப்பார். தனக்கு மாற உரிமை உண்டு, அவர்கள் மட்டும் போட்டோவில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூவேலை இன்று பையிலும் மேசைவிரிப்பிலும் வருகிறது. அதைத் தைக்கும் பெண்கள் சாவுக்கும் விழாவுக்கும் போர்த்தும் பழைய போர்வையையும் தைக்கிறார்கள்.

## சீகை பிடுங்கிய சரிவில்

சில இடங்களில் இப்போது சீகையைப் பிடுங்கிவிட்டுப் புல்லை மீட்டுக்கொண்டு வரும் வேலை நடக்கிறது. அந்நிய மரங்களை அகற்ற உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கிறது. சென்ற வருடம் மேட்டில் அப்படி ஒரு சரிவுக்குப் போயிருந்தேன். வழியில் வண்டியை நிறுத்தி இறங்கிய ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் மனம் பொறுக்காமல் கேட்டார்: "மரத்தையெல்லாம் வெட்டி மலையை இப்படி மொட்டை அடிக்கிறாங்களே, கேட்க ஆள் இல்லையாம்மா?" அவர் கேட்டது அக்கறையில்தான். பச்சை என்றால் மரம் என்றுதான் அவருக்கும் எனக்கும் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். சோலையும் புல்லும் உறைபனியும் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். பாதி நம்பினார் என்று நினைக்கிறேன்.

அவர்கள் போனபின் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். கற்பூர மரம் ஒன்றுகூட இல்லாத இடம். ஈரப்புல்லும் கறுத்த மண்ணும் சேர்ந்த ஒரு வாசனை. முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்தது, எனக்குப் பழக்கமே இல்லாத வாசனை அது.